நீரை விடும் மண்ணும் நீரைப் பிடிக்கும் மண்ணும்

லால்பேட்டையில் வீராணம் ஏரிக்கரையின்மேல் நிற்பவர், ஒருபுறம் பரந்த நீரையும் மறுபுறம் வயல்களையும் வெற்றிலைக் கொடிக்கால்களையும் ஒருங்கே காணலாம். பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் அமைந்த ஏரி இது. கீழணையிலிருந்து வடவாற்றின் வழியே வரும் நீரைக் கரை மட்டும் காப்பதில்லை; அடியில் படிந்த களியும் வண்டலும் அதனை எளிதில் கீழே இறங்க விடுவதில்லை.

மணலைவிடக் களிமண்ணில் இடைவெளி குறைவு என்று பலர் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. களிமண்ணின் மொத்தக் கனஅளவில் பாதிகூட இடைவெளியாக இருப்பதுண்டு. மணலில் பெரும்பாலும் அதனினும் குறைவே. ஆனால் களியின் துளைகள் மிக நுண்ணியவை. ஆதலின் நீர் அவற்றில் ஒட்டி நிற்கும். நெருங்க நெய்த துணிக்கும் சல்லாத் துணிக்கும் உள்ள வேற்றுமையை நமது நெசவாளர் நன்கறிவர். மண்ணிலும் அப்படியே.

இதனை அளந்து காட்டியவர் ஹென்றி டார்சி என்னும் பிரெஞ்சுப் பொறியாளர். மணல் நிரப்பிய குழாயில் நீரைச் செலுத்தி, நீர்மட்ட வேறுபாடு மிகுந்தால் ஓட்டம் மிகும், மணற்படிவின் நீளம் மிகுந்தால் ஓட்டம் குறையும் என்று 1856-இல் வெளியிட்டார். ஒரே அளவு விசையில் பருமணலில் நீர் ஒரு நாளில் பல மீட்டர் செல்லுமெனில், இறுகிய களியில் ஒரு மில்லிமீட்டர்கூடச் செல்லாது.

பாறையிலும் இவ்வேற்றுமை உண்டு. கெட்டிப்பாறையில் வெடிப்புகளின் வழியே மட்டுமே நீர் நடக்கும். கடலூர் மணற்கல்லிலோ நீர் தாராளமாக ஊறும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அந்நீர் அழுத்தத்துடன் நிற்பதால், இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைத் தணித்த பின்னரே சுரங்கத்தை வெட்ட இயலும்.

இவ்வறிவினால் நமக்கு என்ன பயன்? வெற்றிலைக் கொடி ஈரத்தை விரும்பும். தேங்கும் நீரைத் தாங்காது. களி மிகுந்த நிலத்தில் பாத்தியை உயர்த்தி வடிகால் வெட்டாவிடில் வேர் அழுகும். மழைநீர் சேமிப்புக் குழியும் அவ்வாறே. களியில் தோண்டிய குழி கொசு வளர்க்கும் குட்டையாகும். கீழுள்ள மணற்படுகை வரை துளை சென்றாலன்றிச் செலவிட்ட பணம் வீணே. அத்துளையிலும் கூரையிலிருந்து வரும் தூய நீரையே விடுதல் வேண்டும். மணற்பாங்கான இடத்திலோ, கிணற்றருகே ஊற்றும் சாயக்கழிவு விரைந்து குடிநீரில் கலந்துவிடும். சாயம் தோய்க்கும் குடும்பத்தினர் இதனை மறத்தலாகாது.

சோதனை எளிது. ஒரு முழ ஆழக் குழி தோண்டி, முதலில் நீரூற்றி ஊறவிடுக. மீண்டும் நிரப்பி, குச்சியில் அடையாளமிட்டு, ஒரு மணி நேரத்தில் எத்தனை விரற்கடை இறங்குகிறது எனக் குறித்துக் கொள்க. மேல்மண்ணின் இயல்பு இதனால் விளங்கும். அடிமண்ணை அறியப் பக்கத்துக் கிணறு வெட்டியபோது கண்ட மண்ணடுக்குகளை விசாரித்தறிக.

கிணற்றுக்கோ குழிக்கோ கடன் கோரும் அங்கத்தினர் இவ்விரண்டையும் செய்த பின்னரே விண்ணப்பிப்பாராயின், சங்கத்தின் பணமும் தங்கும், நிலத்தின் நீரும் தங்கும்.