தோளில் எலும்பு துருத்தினால் ஆபரேஷன்தானா?

பைக்கிலிருந்து விழுந்தவர்களும் கபடியில் விழுந்தவர்களும் என்னிடம் ஒரே மாதிரி அடியோடு வருவார்கள். தோள் நேராகத் தரையில் மோதியிருக்கும். காலர் எலும்பின் வெளிமுனை துருத்திக்கொண்டு நிற்கும். விரலால் அழுத்தினால் இறங்கும், விட்டால் எழும்பும். "இப்படியே விட்டா கை விளங்குமா டாக்டர்? ஆபரேஷன் பண்ணிடுங்க" என்பார் கூட வந்த அம்மா.

காலர் எலும்பும் தோள்பட்டை எலும்பின் மேல்முனையும் சேரும் சின்ன மூட்டு இது. சுற்றியிருக்கும் ஜவ்வும், அடியிலிருந்து காலர் எலும்பை இழுத்துப் பிடிக்கும் 2 கெட்டியான ஜவ்வுகளும் அறுந்தால் கையின் பாரம் தோளைக் கீழே இழுத்துவிடும். அதனால்தான் எலும்பு மேலேறியதுபோல் தெரிகிறது.

எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைப் பொறுத்து, ராக்வுட் முறைப்படி 6 வகையாகப் பிரிக்கிறோம். முதல் 2 வகைகளுக்கு ஸ்லிங்கும் பயிற்சியும் போதும். 4 முதல் 6 வரை பெரும்பாலும் ஆபரேஷன்தான். மூன்றாவது வகையில்தான் மருத்துவர்களுக்குள் இன்றும் கருத்து வேறுபாடு. ஹூக் பிளேட் வைத்தவர்களையும் ஆபரேஷன் இல்லாமல் தேறியவர்களையும் ஒப்பிட்ட கனடா ஆய்வு 2015இல் வெளியானது. எக்ஸ்ரேயில் பிளேட் வைத்த தோள்தான் ஒழுங்காக இருந்தது. ஆனால் ஆரம்ப மாதங்களில் கையை நன்றாகப் பயன்படுத்தியவர்கள் ஆபரேஷன் செய்யாதவர்கள். 2 ஆண்டுகள் கழித்து இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை.

ஹூக் பிளேட்டின் கொக்கி, தோள்பட்டை எலும்பின் மேல்முனைக்கு அடியில் மாட்டிக்கொண்டு காலர் எலும்பை அழுத்தி வைக்கும். கையைத் தூக்கும்போதெல்லாம் கொக்கி அந்த மேல்முனையில் உரசும். நாளடைவில் அரிக்கவும் செய்யும். அதனால் சில மாதங்களில் இன்னொரு ஆபரேஷன் செய்து பிளேட்டை எடுக்க வேண்டும். வலி போய்விட்டதென்று அதை மறந்துவிடுபவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. எலும்பில் துளையிட்டு, வலுவான நூலும் பட்டனும் கொண்டு கட்டும் முறையில் பிளேட் எடுக்கும் வேலையில்லை. ஆனால் துளையிட்ட இடத்தில் எலும்பு முறியலாம்; கட்டு தளர்ந்து மூட்டு மறுபடி விலகலாம். எந்த முறையிலும் சீழ் பிடிக்கவோ தோள் இறுகவோ வாய்ப்புண்டு. முன்பு பரவலாகப் போட்ட வெறும் கம்பிகள் இடம்பெயர்ந்து நெஞ்சுக்குள்ளேயே போன சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன.

ஆபரேஷன் தேவைப்படுபவர் தள்ளிப்போடவும் கூடாது. முதல் சில வாரங்களில் எலும்பை இடத்தில் நிறுத்தினால் அறுந்த ஜவ்வு தானே ஆற வாய்ப்பு அதிகம். நாள் கடந்தால் தொடையிலிருந்து தசைநாண் எடுத்துப் புது ஜவ்வாகக் கட்ட வேண்டிவரும்.

எனவே சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் மருத்துவரிடம் கேளுங்கள்: என் காயம் எந்த வகை? ஆபரேஷன் இல்லாமல் தேற வழியுண்டா? உள்ளே வைப்பதை எப்போது எடுப்பீர்கள்? எப்போது பாரம் தூக்கலாம்? உங்களுக்கு வேண்டியது உழைக்கிற கை. துருத்தல் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் அந்தக் கை பெரும்பாலும் வலியில்லாமல் வேலை செய்யும்.