ஸ்பீக்கர் வாங்கப் போறீங்களா? அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க!

போனஸ் வந்தாச்சு. சுவரில் 55 இஞ்ச் டி.வி. போன வருஷமே ஏறியாச்சு. ஆனால் என்ன பிரயோஜனம்? டி.வி. இளைக்க இளைக்க, அதன் ஸ்பீக்கரும் இளைத்து அப்பளமாகி, முதுகுப்பக்கம் போய் ஒளிந்துகொண்டு விட்டது. ஹீரோ பஞ்ச் டயலாக் பேசினால், பக்கத்து வீட்டு பாத்ரூமிலிருந்து யாரோ சோப்பு கேட்கிற மாதிரி இருக்கிறது. 'ஒரு ஹோம் தியேட்டர் போட்டுட வேண்டியதுதான்' என்று சனிக்கிழமை அரை நாள் பர்மிஷன் போட்டு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்புகிற ஆசாமியா நீங்கள்? ஒரு நிமிஷம் நில்லுங்க சார். ஆட்டோ காத்திருக்கட்டும்.

முதல் கேள்வி: உங்களுக்கு வேண்டியது படமா, பாட்டா?

'ரெண்டும்தான்' என்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒரு மாசத்துக்கு வீட்டில் எதை அதிகம் கேட்கிறீர்கள் என்று யோசியுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் ராஜா பாட்டு கேட்டுக்கொண்டே தூங்கிப் போகிறவர் என்றால், உங்களுக்குத் தேவை இரண்டே இரண்டு நல்ல ஸ்பீக்கர்கள். 1978-ல் வந்த 'ப்ரியா' பாடல்களே ஸ்டீரியோவில் பதிவானவைதான். இடது, வலது - அவ்வளவே. அதை ஐந்து டப்பாக்களில் பிய்த்துப் போட்டுக் கேட்டால் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது.

இந்த ஸ்டீரியோ பிறந்ததே சினிமாவால்தான் என்பது வேடிக்கை. இங்கிலாந்தில் ஆலன் ப்ளம்லைன் என்று ஒரு இன்ஜினீயர். வருங்கால மனைவியோடு படம் பார்க்கப் போயிருக்கிறார். நடிகர் திரையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடக்கிறார். குரல் மட்டும் நகராமல் நட்ட இடத்திலேயே நிற்கிறது. மற்றவர்கள் முறுக்கைக் கடித்துக்கொண்டு படம் பார்த்திருப்பார்கள். இவரோ 'இதைச் சரி பண்ண எனக்கு ஒரு வழி தெரியும்' என்று அந்தப் பெண்ணிடம் சொன்னதாகச் சொல்வார்கள். 1931-ல் பேட்டன்ட்டுக்கு மனுவே போட்டு விட்டார். மனைவியோடு படத்துக்குப் போனால் நாமெல்லாம் பார்க்கிங்குக்குத்தான் வழி தேடுகிறோம்!

சரி, கடைக்குள் நுழைவோம். சேல்ஸ்மேன் தம்பி சொல்லும் முதல் வார்த்தை என்ன? 'சார், இது ஆயிரம் வாட்ஸ்!'

மயங்காதீர்கள். பி.எம்.பி.ஓ. என்று ஒரு கணக்கு உண்டு. கண் சிமிட்டும் நேரத்துக்குள் அந்தப் பெட்டி கக்கக்கூடியதை எல்லாம் கூட்டிப் பெருக்கி, வாய்க்கு வந்ததை எழுதுகிற கணக்கு. நீங்கள் கேட்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட்ஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய சக்தி. அந்த நம்பரைப் பார்த்தும் ரொம்ப வாயைப் பிளக்க வேண்டாம். 50 வாட்ஸை 100 வாட்ஸ் ஆக்கினால் சத்தம் இரண்டு மடங்கு ஆகாது. வெறும் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு 'ஏதோ கொஞ்சம் ஏத்தின மாதிரி இருக்கே' என்று தோன்றும், அவ்வளவுதான். இரண்டு மடங்காகத் தோன்ற சுமார் 10 டெசிபல் வேண்டும். அதற்கு வாட்ஸைப் பத்து மடங்காக்க வேண்டும்.

அதைவிட முக்கியமான ஒரு நம்பர் அட்டைப்பெட்டியில் பொடி எழுத்தில் இருக்கும். சென்சிடிவிட்டி. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எத்தனை டெசிபல் என்பது. 90 போட்ட ஸ்பீக்கருக்கு 50 வாட்ஸ் கொடுப்பதும், 87 போட்டதற்கு 100 வாட்ஸ் கொடுப்பதும் ஒன்று. பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹாலில் உட்கார்ந்து சாதாரணமாகப் பாட்டுக் கேட்க, நிஜத்தில் ஓரிரு வாட்ஸே தாராளம்.

அடுத்து டெமோ. தம்பி உடனே ஒரு இங்கிலீஷ் படத்தைப் போடுவார். ஹெலிகாப்டர் பறக்கும், பாலம் வெடிக்கும், உங்கள் சட்டைப் பாக்கெட் அதிரும். நீங்கள் பர்ஸை எடுத்து விடுவீர்கள். யோசியுங்கள் சார், பாலம் வெடிப்பது எப்படிக் கேட்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? பாலம் வெடிக்கிற இடத்தில் என்றைக்காவது நின்றிருக்கிறீர்களா? ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் அளவுகோலே இல்லை. மனிதக் குரலுக்கு அளவுகோல் இருக்கிறது. பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறோம். எனவே உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டை, எஸ்.பி.பி.யோ ஜானகியோ, கையோடு கொண்டு போங்கள். குரல் மூக்கடைத்த மாதிரி கேட்கிறதா? பெட்டியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டு நகருங்கள். பிறகு ஒரு கச்சேரியின் தனி ஆவர்த்தனம். மிருதங்கத்தில் தொப்பிப் பக்கம் தட்டும்போது அந்த 'கும்'முக்கு ஒரு சுருதி இருக்க வேண்டும். எல்லா அடியும் ஒரே மாதிரி 'தொம்... தொம்...' என்றால் அது பேஸ் இல்லை, வெறும் பெட்டி அதிர்கிற சத்தம்.

இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே சத்தத்தில் ஓடுகின்றனவா என்று பாருங்கள். கொஞ்சம் கூடுதல் சத்தத்தில் ஓடுவதுதான் நம் காதுக்கு 'நல்லா இருக்கு' என்று படும். விலை ஜாஸ்தியான மாடலின் வால்யூம் அரைச் சுற்று ஏறியிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

காதைவிடப் பெரிய ஏமாளி கண். 1994-ல் ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனையை எழுதினார்கள். அதே ஸ்பீக்கர்கள், அதே ஆட்கள். ஒரு தடவை திரை போட்டு மறைத்துக் கேட்க வைத்தார்கள். ஒரு தடவை திரையை விலக்கி. திரை விலகியதும் பெரிய, விலையுயர்ந்த பெட்டிகளுக்கு மார்க் ஏறியது. சின்னது பாவம், இறங்கி விட்டது. இத்தனைக்கும் அவர்களெல்லாம் ஸ்பீக்கர் கம்பெனி ஆட்கள்! அதனால் கடையில் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். 'சார் தூங்குறாரு' என்று சிரிக்கிறார்களா, சிரிக்கட்டும்.

இப்போது அம்மா விஷயம்.

வயசானவர்கள் இருக்கிற வீட்டில், படம் ஓடும்போது பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் ஒரு குரல் வரும்: 'என்னடா சொன்னான் அவன்?' நாம் ரிமோட்டில் பாஸ் போட்டு விளக்குவோம். மூன்றாவது தடவை 'ஒண்ணுமில்லம்மா, சும்மா பாரு' என்போம். நாலாவது தடவை அம்மா கேட்க மாட்டார். மெள்ள எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொள்வார். நாமும் படத்தைத் தொடருவோம்.

வயசாக ஆக முதலில் மங்குவது உச்ச ஸ்தாயிக் கேள்வி. ஆ, ஈ, ஊ போன்ற உயிரெழுத்து எல்லாம் காதில் விழும். 'ஸ', 'த', 'க' போன்ற மெய்களின் கூர்மைதான் போய்விடும். சத்தம் கேட்கும், வார்த்தை புரியாது. வால்யூமை ஏற்றினால் சண்டைக் காட்சியில் சத்தம் இன்னும் மண்டையைப் பிளக்குமே தவிர, வசனம் தெளியாது.

5.1 செட்டில் வசனத்தின் பெரும் பகுதி நடு ஸ்பீக்கரில்தான் வருகிறது, சென்டர் என்பார்கள். நம் ஆட்கள் அதிகமாக அலட்சியம் செய்வது அதைத்தான்! மொத்தமாக ஒரே பெட்டியில் வரும் மலிவு செட்டுகளில் இந்த சென்டர், சோப்பு டப்பா சைஸில் இருக்கும். அதனால் கீழ் ஸ்தாயியைத் தொடவே முடியாது. அந்த வேலையை சப்-ஊஃபர் தலையில் கட்டியிருப்பார்கள். விளைவு, ஹீரோ குரலில் பாதி டி.வி.யிலிருந்தும், மீதி சோபாவுக்கு அடியிலிருந்தும் வரும். ஆகவே ஸ்பீக்கருக்கென்று ஒதுக்கிய பணத்தில் பாதிக்கு மேல் முன்வரிசை மூன்றுக்குப் போகட்டும். மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே வரிசை மாடலாக இருக்கட்டும். பின்னால் வைக்கும் இரண்டும் சுமாராக இருந்தாலும் குடி முழுகாது. அவற்றின் வேலை மழையும் கைதட்டலும்தான்.

வாங்கும்போது அம்மாவைக் கடைக்கே அழைத்துப் போய் உட்கார வையுங்கள். பேச்சு நிறைய வரும் குடும்பப் படம் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். 'என்ன சொன்னான்?' என்ற கேள்வி வராத ஸ்பீக்கருக்கு பில் போடச் சொல்லலாம். வீட்டுக்கு வந்ததும் ஆம்ப்ளிஃபயர் மெனுவில் சென்டர் சத்தத்தை மட்டும் ரெண்டு மூணு டெசிபல் ஏற்றிப் பாருங்கள். பைசா செலவில்லை.

சப்-ஊஃபர் வேண்டுமா? படத்துக்கு வேண்டும். ஆனால் அபார்ட்மென்ட்டில் கீழ் வீட்டுக்காரரையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த ஒலி சுவரையும் தரையையும் சுலபமாகக் கடக்கும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே, சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காது சரியாகச் சொல்லாது. அதனால் அதை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்பார்கள். அது பாதி நிஜம். 12 அடி நீள அறையில் 47 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலி எதிரும் புதிருமாக மோதி, ஒரு மூலையில் இடி மாதிரியும் நடு ஹாலில் காணாமலும் போகும். வழி ஒன்று உண்டு. சப்-ஊஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் சோபா மேல் வையுங்கள். பேஸ் நிறைந்த பாட்டு ஒன்றைப் போட்டு, தரையில் தவழ்ந்தபடி சுவரோரமாக வலம் வாருங்கள். எங்கே பேஸ் சீராகக் கேட்கிறதோ, அங்கே சப்-ஊஃபரை வைத்துவிட வேண்டியதுதான். உலகம் முழுக்கப் பழகிய முறை இது. ஆனால் வீட்டில் உள்ளவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தவழுங்கள். மாமனார் வந்திருக்கும் நாள் வேண்டாம்.

நம் வீடுகளின் பெரிய வில்லன் தரையும் சுவரும். வழவழ டைல்ஸ், வெற்றுச் சிமென்ட் சுவர், கண்ணாடி ஜன்னல். ஹால் நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கை தட்டுங்கள். 'டிங்ங்' என்று வால் நீண்டால், லட்ச ரூபாய் ஸ்பீக்கரும் அங்கே கல்யாண மண்டப மைக் மாதிரிதான் கேட்கும். தரையில் ஒரு ஜமக்காளம், ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை, பக்கச் சுவரில் புத்தக அலமாரி. மூன்றும் வந்தபிறகு மறுபடி தட்டிப் பாருங்கள். இந்த அலமாரிக்கு ஆகும் காசில் கிடைக்கிற முன்னேற்றம், அதே காசுக்கு வாங்கும் 'ஸ்பெஷல்' கேபிளில் கிடைக்காது. வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர், ஐந்து மீட்டர் தூரத்துக்குப் போதும். பாம்பு தடிமனில் நைலான் சட்டை போட்டு வரும் கேபிளைக் கடைக்காரரே வைத்துக்கொள்ளட்டும்.

மாட்டும்போது சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிவிட்டால் பேஸ் காணாமல் போய், பாடகர் நடுவில் நிற்காமல் காற்றில் அலைவார். இடது, வலது, நீங்கள் மூன்றும் சம முக்கோணம். சின்ன வட்டம் போட்ட ட்வீட்டர் உங்கள் காது உயரத்தில். பரண்மேல் ஏற்றி, டி.வி.க்கு மேலே ஆயுதபூஜை மாதிரி அடுக்க வேண்டாம்.

அட்மாஸ்? 2012-ல் வந்த 'சிவாஜி 3டி' காலத்திலிருந்து நம்ம ஊர் தியேட்டர்களுக்கும் அது பழக்கம்தான். வீட்டில் அதற்குக் கூரையில் ஸ்பீக்கர் மாட்ட வேண்டும், அல்லது கூரையில் மோதித் திரும்பும்படி மேல்நோக்கிய ஸ்பீக்கர் வைக்க வேண்டும். சொந்த வீடென்றால் யோசியுங்கள். வாடகை வீடென்றால், காலண்டருக்கு ஆணி அடித்ததற்கே அட்வான்ஸில் பிடித்துக்கொள்கிற ஓனரிடம் கூரையில் நாலு ஓட்டை பற்றிப் பேசும் தைரியம் இருந்தால் போடுங்கள்.

கடைசியாக ஒரு சமாச்சாரம். அட்டைப்பெட்டியையும் தெர்மகோலையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். வாரண்டிக்கு எடுத்துப் போகவும் வேண்டும், அடுத்த வாடகை வீட்டுக்குக் கொண்டு போகவும் வேண்டும். எங்கே வைப்பது என்று கேட்கிறீர்களா? கட்டிலுக்கு அடியில். அங்கே ஏற்கெனவே டி.வி. பெட்டி இருக்குமே, அதன் பக்கத்தில்.