வெடிக்காத துப்பாக்கிக்கே அஞ்ச வேண்டும்

துப்பாக்கி வெடித்தால் ஆபத்து என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆனால், வெடிக்க வேண்டிய நேரத்தில் வெடிக்காமல் போன துப்பாக்கி அதைவிட ஆபத்தானது என்று சொன்னால் நம்மில் பலர் வியப்படையக்கூடும். வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகளின் வரலாற்றைப் புரட்டினால் இந்த உண்மை மீண்டும் மீண்டும் தென்படுகிறது. வேட்டையிலும் போரிலும் அவை செய்த கோளாறுகள் சில சமயம் சிரிப்பூட்டும். பல சமயம் உயிரையே பறித்துவிடும். அக்கோளாறுகள் ஏன் நேர்ந்தன என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

பெயரிலேயே இருக்கும் விளக்கம்

இலங்கைத் தமிழர்கள் இவ்வகைத் துப்பாக்கியை ‘இடியன் துவக்கு’ என்பர். குழாயின் வாயில் மருந்தைக் கொட்டி, கோலால் இடித்து நிரப்புவது என்று அப்பெயரே சொல்லிவிடுகிறது. மலாய் மொழியில் இதற்குச் ‘செனாப்பாங் லந்தாக்’ என்று பெயர். ‘லந்தாக்’ என்றாலும் இடித்து இறுக்குதல்தான். தொடர்பில்லாத இரு மொழிகள் ஒரே செயலைக் கண்டு ஒரே மாதிரி பெயரிட்டிருப்பது நமக்குச் சுவையான செய்தியன்றோ?

‘செனாப்பாங்’ என்ற சொல்லோ டச்சு மொழியின் ‘ஸ்னாப்ஹான்’ என்பதிலிருந்து வந்தது. அதில் ‘ஹான்’ என்பது சேவல். விசையை இழுத்தவுடன் சக்கிமுக்கிக் கல்லைக் கவ்விக்கொண்டு கொத்துவதுபோல் பாயும் உறுப்பை டச்சுக்காரர்கள் சேவலாகக் கண்டார்கள். ஆங்கிலேயர்களும் அவ்வாறே அதனைச் சேவல் என்றார்கள். தமிழர்களோ அதற்குக் ‘குதிரை’ என்று பெயர் வைத்தார்கள்.

ஒரு வேட்டுக்கு எத்தனை வேலை?

இத்துப்பாக்கியால் ஒருமுறை சுடுவதற்குச் செய்ய வேண்டிய வேலைகள் பல. முதலில் அளந்த கருமருந்தைக் குழாயினுள் கொட்ட வேண்டும். கருமருந்து என்பது வெடியுப்பு ஏறக்குறைய 75 விழுக்காடும், கரி 15 விழுக்காடும், கந்தகம் 10 விழுக்காடும் கலந்த பொடி. அடுத்து, குண்டையோ ரவையையோ இட்டு, கெட்டிக்கும் கோலால் மருந்தின்மேல் படியும்வரை இறுக்க வேண்டும். பின்னர், குழாயின் அடிப்பக்கத்திற்கு வெளியே உள்ள சிறு கிண்ணத்தில் சிறிது பொடி மருந்து வைத்து மூட வேண்டும். அக்கிண்ணத்திற்கும் குழாய்க்கும் இடையே ஒரு துளை இருக்கும். அதற்குப் ‘பற்றுவாய்’ என்று பெயர்.

விசையை இழுத்தால் குதிரை பாயும். கல் எஃகில் உரசும். தீப்பொறி கிண்ணத்தில் விழும். கிண்ணத்து நெருப்பு பற்றுவாய் வழியாக உள்ளே சென்றால்தான் துப்பாக்கி வெடிக்கும். கல் மழுங்கினாலும், பொடி ஈரமானாலும், பற்றுவாயில் கரி அடைத்துக்கொண்டாலும் நெருப்பு உள்ளே போகாது. கிண்ணத்தில் மட்டும் ‘புஸ்’ என்று எரிந்து அடங்கிவிடும். தொடக்கத்தில் ஒளி வீசிவிட்டுப் பின் ஒன்றுமில்லாமல் போகிறவர்களை ஆங்கிலத்தில் ‘ஃபிளாஷ் இன் த பேன்’ என்று சொல்வது இதனை வைத்துத்தான்.

பறவைகள் கற்பித்த பாடம்

ஸ்காட்லாந்தில் அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற பாதிரியார் இருந்தார். பறவை வேட்டையில் அவருக்கு ஆர்வம் மிகுதி. கிண்ணத்தில் நெருப்பு பளிச்சிடுவதற்கும் குண்டு வெளியேறுவதற்கும் இடையில் ஒரு சிறு தாமதம் உண்டு. பறவைகளுக்கு அந்த இடைவெளியே போதுமானதாக இருந்தது. ஒளியைக் கண்டதும் அவை தப்பிவிட்டன. இதற்கு மாற்றுத் தேடிய ஃபோர்சைத், அடித்தாலே வெடிக்கும் வேதிப்பொருளைக் கொண்டு புதிய முறையை உருவாக்கி 1807-இல் காப்புரிமை பெற்றார். அதிலிருந்து வளர்ந்ததே செப்பாலான ‘கேப்பு’ முறை.

கல் துப்பாக்கி எவ்வளவு நம்பத்தகாதது என்பதை 1834-இல் இங்கிலாந்தின் வூல்விச்சில் நடந்த சோதனை காட்டியது. இரு வகையிலும் 6,000 முறை சுட்டுப் பார்த்தார்கள். கல் துப்பாக்கிகள் 922 முறை வெடிக்காமல் போயின. அதாவது, ஏறக்குறைய ஆறரை முறைக்கு ஒருமுறை கோளாறு! கேப்புத் துப்பாக்கிகளோ 36 முறைதான் ஏமாற்றின.

சிங்கத்தின் முன் மௌனம்

ஆறரைக்கு ஒன்று என்பது தாளில் வெறும் எண். காட்டில் அதன் பொருள் வேறு. 1844-இல் தென்னாப்பிரிக்காவின் மபோட்சா என்ற இடத்தில் டேவிட் லிவிங்ஸ்டன் ஊர் மக்களுடன் சிங்க வேட்டைக்குச் சென்றார். சுமார் 30 கெஜ தூரத்தில் புதருக்குப் பின்னால் நின்ற சிங்கத்தை நோக்கித் தம் துப்பாக்கியின் இரு குழாய்களையும் சுட்டார். குண்டுகள் பட்டன, ஆனால் சிங்கம் சாகவில்லை. அவர் மறுபடியும் குண்டைக் கெட்டித்துக்கொண்டிருக்கும்போதே அது அவர்மேல் பாய்ந்து தோளைக் கவ்வியது.

அவ்வேளையில் மெபால்வே என்ற உள்ளூர் ஆசிரியர் பத்துப் பதினைந்து கெஜ தூரத்திலிருந்து சிங்கத்தைச் சுட முயன்றார். அவருடையது கல் துப்பாக்கி. இரு குழாய்களுமே வெடிக்கவில்லை! சிங்கம் லிவிங்ஸ்டனை விட்டுவிட்டு மெபால்வேயின் தொடையைக் கடித்தது; ஈட்டியுடன் வந்த இன்னொருவரையும் தாக்கியது. அதற்குள் முதலில் பாய்ந்த குண்டுகள் வேலை செய்யவே அது சுருண்டு விழுந்தது. மூவரும் உயிர் பிழைத்தனர். லிவிங்ஸ்டனின் இடக்கை எலும்பு நொறுங்கிச் சரியாகக் கூடாமல் போயிற்று. 1874-இல் அவருடைய உடல் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டபோது அது அவர்தான் என்று உறுதிசெய்ய அந்த எலும்பே உதவியது.

இங்கே வெடிக்காத துப்பாக்கியின் தீங்கு அந்த நொடியோடு முடிந்தது. ஆனால், எல்லா நேரங்களிலும் அப்படி முடிவதில்லை.

இரண்டு முறை கெட்டித்த கதை

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இங்கே சறுக்கியது யானை வேட்டைக்காரருக்கு. ஃபிரெடெரிக் செலூஸ் 1870களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவில் தந்தத்திற்காக யானை வேட்டையாடியவர். அவர் வைத்திருந்தது நான்கு அவுன்ஸ் குண்டு போடும் பெரிய துப்பாக்கி. தோல் பையிலிருந்து மருந்தைக் கையாலேயே அள்ளிப் போடுவது அவருடைய வழக்கம்.

ஒருநாள் வேட்டையின் நடுவே அத்துப்பாக்கி வெடிக்காமல் போயிற்று. உள்ளே மருந்தும் குண்டும் அப்படியே இருந்தன. துப்பாக்கி சுமந்து வந்த உதவியாளர் அதனை அறியாமல் அதன்மேல் மீண்டும் ஒருமுறை மருந்தும் குண்டும் கெட்டித்துக் கொடுத்துவிட்டார். அடுத்த முறை விசையை இழுத்தபோது இரண்டும் சேர்ந்து வெடித்தன. செலூஸ் தரையிலிருந்து தூக்கி எறியப்பட்டார். துப்பாக்கி அவருடைய தோளுக்கு மேலாகப் பின்னால் பறந்தது. கன்னத்தில் ஆழமான காயம். வலக்கை சிறிது நேரம் செயலிழந்தது. இச்சம்பவத்தை அவரே 1881-இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மருந்து கெட்டித்த இடியன் துப்பாக்கியும் வெறுமையான இடியன் துப்பாக்கியும் வெளிப்பார்வைக்கு ஒன்றுதான். திறந்து பார்க்க வழியில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பது கெட்டித்தவரின் நினைவில் மட்டுமே உள்ளது. கை மாறியபோது துப்பாக்கி போயிற்று, நினைவு போகவில்லை. விபத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இருபத்து மூன்று மடங்கு

ஒருவருக்கு நேர்ந்தது ஆயிரக்கணக்கானோருக்கும் நேரலாம் என்பதற்கு அமெரிக்க உள்நாட்டுப் போர் சான்று. 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் போர் முடிந்த பின் களத்திலிருந்து 27,500-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் திரட்டப்பட்டன. அவற்றில் சுமார் 24,000 சுடப்படாமல் கெட்டித்தபடியே இருந்தனவாம். ஏறக்குறைய 12,000 துப்பாக்கிகளில் இரண்டு முறை கெட்டித்த மருந்து இருந்தது. சுமார் 6,000 துப்பாக்கிகளில் மூன்று முதல் பத்து முறை. ஒன்றில் மட்டும் இருபத்து மூன்று முறை!

இது எப்படி நடந்தது? சுற்றிலும் ஆயிரம் வேட்டுகள் முழங்கும்போது தன் துப்பாக்கி வெடித்ததா இல்லையா என்பதே ஒரு வீரனுக்குத் தெரியாமல் போகலாம். கேப்பு வைக்க மறந்தவனும் உண்டு; பயத்தில் சுடவே முடியாமல் கெட்டிப்பதை மட்டும் தொடர்ந்தவனும் இருந்திருக்கலாம். பழகிய கைகள் இயந்திரம்போல் வேலை செய்துகொண்டிருந்தன. கணக்கு வைக்க வேண்டிய மனம் அங்கே இல்லை.

வேறு சில விநோதங்கள்

இதே மறதி வேறு வடிவங்களிலும் வெளிப்படும். மருந்து போட மறந்து குண்டை மட்டும் இறுக்கிவிடுவது மிகவும் பழைய கோளாறு. பிறகு திருகாணி பொருத்திய கோலால் குண்டைக் கவ்வி இழுக்க வேண்டும். கெட்டித்த கோலை வெளியே எடுக்க மறந்து, அதனையும் சேர்த்துச் சுட்டவர்களும் உண்டு. குண்டு மருந்தின்மேல் படியாமல் பாதியிலேயே நின்றுவிட்டால் நடுவே இடைவெளி உண்டாகி, சுடும்போது குழாய் வீங்கிவிடும். வெடித்துச் சிதறவும் கூடும்.

கெட்டித்த துப்பாக்கியைக் கீழே வைத்துவிடுவதும் அத்தகையதே. 1854-இல் சிங்கப்பூர் வந்து மலாய்த் தீவுகளின் உயிரினங்களை ஆராய்ந்த ஆல்ஃபிரெட் ரஸல் வாலஸ் நம்மில் பலர் அறிந்தவர். அதற்கு முன் 1848-இல் அவர் அமேசான் பகுதியில் இருந்தபோது, படகில் கிடந்த துப்பாக்கியை அதன் வாய்ப்பக்கத்தைப் பிடித்துத் தம்மை நோக்கி இழுத்தார். குதிரை எதிலோ மாட்டி விடுபடவே துப்பாக்கி வெடித்தது. மணிக்கட்டின் அருகே சிறிது தசை போனதோடு அவர் தப்பினார். சற்று விலகியிருந்தால் மலாய்த் தீவுகளைப் பற்றி நாம் படிக்கும் வரலாறே மாறியிருக்கும்.

காணாததைக் காணச் செய்யும் விதிகள்

இன்றும் பல நாடுகளில் இத்துப்பாக்கியை விளையாட்டிற்கும் வேட்டைக்கும் பயன்படுத்துகின்றனர். அவர்கள் பின்பற்றும் விதிகளை மேற்கண்ட கதைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் காரணம் புலப்படும்.

முதலாவது, கெட்டிக்கும் கோலில் இரண்டு கோடுகள் இடுவர். வெறுங்குழாயில் கோல் எவ்வளவு இறங்கும் என்பதை ஒரு கோடும், சரியாகக் கெட்டித்த குழாயில் எவ்வளவு இறங்கும் என்பதை மற்றொரு கோடும் காட்டும். கோலை விட்டுப் பார்த்தாலே உள்ளிருப்பது தெரிந்துவிடும். செலூஸின் உதவியாளர் அவ்வாறு பார்த்திருந்தால் அந்த விபத்து நேர்ந்திருக்காது.

இரண்டாவது, துப்பாக்கி வெடிக்காவிட்டால் உடனே அதனை இறக்கவோ வாயில் எட்டிப் பார்க்கவோ கூடாது. பாதுகாப்பான திசையில் நீட்டியபடியே குறைந்தது 1 நிமிடமாவது காத்திருக்க வேண்டும். உள்ளே புகைந்துகொண்டிருக்கும் நெருப்பு சில நொடிகள் கழித்தும் மருந்தைப் பற்றவைக்கலாம்.

மூன்றாவது, மருந்துக் குடுவையிலிருந்து நேரடியாகக் குழாயில் ஊற்றக்கூடாது. முந்தைய வேட்டின் கங்கு உள்ளே இருந்தால் குடுவையே கையில் வெடித்துவிடும். ஆகவே தனி அளவையில் எடுத்தே ஊற்றுவர்.

நான்காவது, ஒரு துப்பாக்கியை ஒருவரே கெட்டிக்க வேண்டும். கெட்டிக்கும்போது பேச்சுக் கூடாது. நினைவே பாதுகாப்பாக இருக்கும் கருவியில் கவனச் சிதறலுக்கு இடமில்லை.

கெட்டித்தவர் இல்லாத துப்பாக்கி

இவ்விதிகள் எல்லாம் துப்பாக்கியின் அருகில் ஒருவர் இருக்கும்போதுதான் பயன்படும். இலங்கையின் வறண்ட பகுதிகளில் காட்டுப் பன்றிகளுக்காக வைக்கப்படும் ‘கட்டுத்துவக்கு’ அப்படிப்பட்டதன்று. இதுவும் உள்ளூரில் செய்யப்படும் இடியன் வகையே. மருந்து கெட்டித்து, விலங்கு வரும் பாதையில் தாழ்வாகக் கட்டி, விசையோடு ஒரு கம்பியையோ நூலையோ இணைத்துவிட்டுப் போய்விடுவர். கம்பியில் கால் பட்டால் வெடிக்கும். வருவது பன்றியா, விறகு பொறுக்க வந்த மனிதரா என்று அதற்குத் தெரியாது. இவ்வாறு காலில் காயமடைந்து மருத்துவமனைக்கு வருவோரைப் பற்றி இலங்கை மருத்துவர்கள் பல ஆண்டுகளாக எழுதி வருகின்றனர். அவ்வாறு துப்பாக்கி கட்டுவது அங்குச் சட்டத்திற்குப் புறம்பானது என்றாலும் விபத்துகள் நின்றபாடில்லை.

செலூஸின் துப்பாக்கியிலாவது உள்ளிருப்பது என்ன என்பது ஒருவருக்குத் தெரிந்திருந்தது. கட்டுத்துவக்கில் அறிந்தவர் வீட்டில் இருக்கிறார். அறியாதவர் கம்பியை நோக்கி நடந்து வருகிறார்.

ஆகவே, பழைய துப்பாக்கிகளின் கோளாறுகள் வெறும் வேடிக்கைக் கதைகள் அல்ல. எங்கோ ஒரு வீட்டுச் சுவரில் பழைய நாட்டுத் துப்பாக்கி ஒன்று அழகுக்காகத் தொங்கிக்கொண்டிருக்கலாம். அதனை எடுத்துப் பார்க்க யாரேனும் நம் கையில் கொடுத்தால், அது வெறுமையானது என்று அவர் சொல்வதை மட்டும் நம்பிவிட வேண்டாம். கடைசியாக அதனைக் கெட்டித்தவர் யார், அவர் சுட்டாரா என்பதற்குச் சாட்சி இருக்காது. குழாயின் வாயை ஆள் இல்லாத பக்கம் திருப்பி வைத்துவிட்டு, தெரிந்தவரை அழைத்துச் சோதிக்கச் சொல்வதே அறிவுடைமையாகும்.