யாரும் உரிமை கோராத குறுக்கீடு

லினக்ஸ் கெர்னல் சில வேளை, எடுத்துக்காட்டாக 16ஆம் குறுக்கீட்டை, யாரும் கவனிக்கவில்லை என்று பதிந்துவிட்டு அந்தக் குறுக்கீட்டுத் தடத்தையே மூடிவிடும். பலரும் உடனே குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தியைச் சந்தேகிக்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு அங்கே இல்லை. பழைய பிசிஐ முறையில் ஒரே தடத்தைப் பல சாதனங்கள் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு சாதனம் தடத்தைத் தாழ்நிலையில் பிடித்திருக்கும்வரை குறுக்கீடு ஓயாது. அது யாருடையது என்று கெர்னல் அத்தடத்தின் ஒவ்வொரு டிரைவராகக் கேட்கிறது. 1,00,000 குறுக்கீடுகளில் 99,900-க்கும் மேற்பட்டவற்றை எந்த டிரைவரும் ஏற்காவிட்டால் தடம் மூடப்படும்.

குற்றமற்ற சாதனங்களும் சேர்ந்து முடங்குவது நியாயமா? மூடாவிட்டால் சிபியு அதே குறுக்கீட்டில் சிக்கி வேறெந்த வேலையும் செய்யாது. ஆகவே கெர்னலின் முடிவு சரியே. ‘ஐஆர்க்யூபோல்’ என்ற துவக்கத் தெரிவைக் கொடுத்தால் போதும் என்பார்கள். அது எல்லாத் தடங்களின் டிரைவர்களையும் கேட்கவைத்துக் கணினியை ஓட்டும். ஆனால் வேகம் குறையும், காரணமும் மறைந்தே கிடக்கும். காரணத்தைத் தேட, பிழைச் செய்தியின் அடியில் மூடப்பட்ட தடத்தில் பதிவான டிரைவர்களின் பட்டியல் இருக்கிறது. அதில் இல்லாத சாதனமே, அதாவது டிரைவர் ஏற்றப்படாததோ பயாஸ் தவறான தடத்தைக் காட்டியதோ, பல நேரம் குற்றவாளி. தடம் பகிராத எம்எஸ்ஐ முறையைச் சாதனம் ஆதரித்தால் அதற்கு மாறுங்கள். பயாஸைப் புதுப்பித்துப் பாருங்கள். கட்டுப்படுத்தியைப் பழிப்பது கடைசியில் இருக்கட்டும்.