தேனீ காணும் பூ

இரண்டு படங்களும் ஒரே சூரியகாந்திதான். இடப்பக்கம், நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியில்: இதழ் முழுக்க மஞ்சள். வலப்பக்கம், புற ஊதாவில்: இதழ் நுனிகள் வெளுத்து மின்ன, அடிப்பகுதி மட்டும் கறுத்து நடுவைச் சுற்றி வளையமிட்டிருக்கிறது. அங்கே செறிந்துள்ள ஃபிளேவனால் சேர்மங்கள் புற ஊதாவை உறிஞ்சிவிடுகின்றன.

நம் பார்வை ஏறத்தாழ 400 நானோமீட்டரோடு நின்றுவிடும். தேனீக்கு 300 வரை தெரியும். பாறை விளிம்பில் அடைகட்டும் மலைத்தேனீயும் புற ஊதாவைக் காணும்.

கேமரா உணரிமேல் புற ஊதாவைத் தடுக்கும் வடிகட்டி இருக்கும். வலப்பக்கம் உள்ளதுபோல் படமெடுக்க அதை நீக்கி, புற ஊதாவை மட்டும் விடும் வடிகட்டியை லென்சில் பொருத்த வேண்டும். ஒளி மிகக் குறைவாகவே உள்ளே வரும். ஆகவே முக்காலியும் காற்றடங்கிய வேளையும் அவசியம்.

வத்தல்மலைப் பக்கம் ஆவாரையும் நெருஞ்சியும் பூத்திருந்தால் இரு ஒளியிலும் எடுத்துப் பாருங்கள். பறிக்காமல், செடியிலேயே.