உலோகத் தூள்களில் அயனி உட்செலுத்தல்: பாய்வளவுக் கணக்கும் பயன்பாட்டு எல்லையும்

ஆய்வுச் சுருக்கம்

அயனி உட்செலுத்தல் தட்டையான பரப்புகளுக்காக வளர்ந்த நுட்பமாகும். அதனை உலோகத் தூளுக்குப் பயன்படுத்தும்போது, தேவைப்படும் அயனிகளின் எண்ணிக்கையையும் கால அளவையும் துகள்களின் மொத்தப் பரப்பே தீர்மானிக்கிறது. இரும்புத் தூளை எடுத்துக்காட்டாகக் கொண்டு அக்கணக்கை விளக்கும் இக்கட்டுரை, எத்தகைய தூள்களுக்கு இம்முறை பொருந்தும் என்பதை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அயனி உட்செலுத்தல், தூள் உலோகவியல், பாய்வளவு, பிளாஸ்மா, விரவல், கல்பாக்கம்.

முன்னுரை

காட்டாங்குளத்தூரிலும் தாம்பரத்திற்குத் தெற்கேயுள்ள பிற கல்வி வளாகங்களிலும் பொருளறிவியல் ஆய்வு மேற்கொள்வோருக்குக் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் அண்மையிலேயே அமைந்துள்ளது. 1971இல் அணுஉலை ஆராய்ச்சி மையமாகத் தொடங்கி 1985இல் இப்பெயரைப் பெற்ற அந்நிறுவனத்தில் 1.7 மெகாவோல்ட் டேண்டெட்ரான் உள்ளிட்ட அயனி முடுக்கிகள் உள்ளன. டி9 எனப்படும் துருவேறா எஃகில் ஹீலியத்தை முன்னரே செலுத்தி, பின்னர் நிக்கல் அயனிகளால் தாக்கி, வேக ஈனுலைக்குள் நெடுங்காலத்தில் நிகழும் வீக்கத்தைக் குறுகிய காலத்தில் உருவாக்கிக் காணும் ஆய்வுகள் அங்கு நிகழ்ந்துள்ளன. இவற்றில் பயன்படுவன மெருகேற்றிய தட்டை மாதிரிகள்.

ஈனுலைகளுக்கான மற்றோர் எஃகு வகை தூளிலிருந்து பிறக்கிறது. இரும்பு-குரோமியக் கலப்புலோகத் தூளுடன் இட்ரியம் ஆக்சைடைச் சேர்த்து உயர் ஆற்றல் ஆலையில் அரைத்து, வெப்பநிலையில் பிதுக்கி அவ்வெஃகு உருவாக்கப்படுகிறது. ஹைதராபாத்திலுள்ள தூள் உலோகவியல், புதிய பொருள்களுக்கான பன்னாட்டு உயராய்வு மையம் இத்துறையில் பணியாற்றி வருகிறது. ஒருபுறம் அயனி முடுக்கி, மறுபுறம் உலோகத் தூள். அரைப்பதற்கு மாற்றாக, வேண்டிய தனிமத்தைத் தூளின் மேற்பரப்பிலேயே அயனியாகச் செலுத்தலாகாதா என்னும் வினா இயல்பாக எழுகிறது. முப்பரிமாண அச்சுக்குரிய உலோகத் தூள்கள் பெருகிவரும் இக்காலத்தில் அவ்வினாவுக்கு விடை காண்பது தேவையாகிறது.

தட்டையும் உருண்டையும்

மின்புலத்தில் முடுக்கப்பட்ட அயனி திண்மத்துள் புகுந்து, அணுக்களுடன் மோதி ஆற்றலை இழந்து, ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் தங்குகிறது. இவ்வடிப்படையில் குறைகடத்திகளை உருவாக்கும் முறைக்கு ஷாக்லி 1954இல் விண்ணப்பித்த காப்புரிமை 1957இல் வழங்கப்பட்டது. எஃகில் நைட்ரஜனைச் செலுத்தித் தேய்மானத்தைக் குறைக்கும் ஆய்வுகள் 1970களில் இங்கிலாந்தின் ஹார்வெல் ஆய்வகத்தில் வளர்ந்தன. 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய நைட்ரஜன் அயனி இரும்பில் ஏறத்தாழ 100 நானோமீட்டர் ஆழம் செல்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டரில் விழும் அயனிகளின் எண்ணிக்கை பாய்வளவு எனப்படும். 10¹⁷ என்னும் பாய்வளவு அந்த மெல்லிய அடுக்கில் சராசரியாகப் பத்து விழுக்காட்டுக்குச் சற்று மிகுதியான நைட்ரஜன் அணுக்களைச் சேர்க்கும்.

உருண்டைத் துகளில் நிலைமை வேறு. இணையாக வரும் கற்றை மேல் அரைக்கோளத்தை மட்டுமே தொடுகிறது. அதிலும் உச்சியில் செங்குத்தாகவும் ஓரத்தில் சாய்வாகவும் விழுகிறது. சாய்வு மிகும்போது ஓர் அலகுப் பரப்பில் விழும் அயனிகளும் குறைகின்றன, அவை புகும் ஆழமும் குறைகிறது. ஆதலின் செறிவு பெரிதும் மாறாது, அடுக்கின் தடிமனே குறைகிறது. எனினும் சாய்வாக விழும் அயனிகள் மேற்பரப்பு அணுக்களை மிகுதியாகத் தெறிக்கச் செய்கின்றன. எனவே ஓரப் பகுதியில் செலுத்தப்பட்டதில் ஒரு பங்கு மீண்டும் வெளியேறிவிடுகிறது. துகள்களைப் புரட்டாமல் இம்முறையைக் கையாள்வதில் பொருளில்லை.

பரப்பின் கணக்கு

50 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள கோள வடிவ இரும்புத் துகள்கள் ஒரு கிலோகிராம் உள்ளதாகக் கொள்வோம். அவற்றின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 15 சதுர மீட்டர். அப்பரப்பு முழுவதற்கும் 10¹⁷ பாய்வளவை அளிக்க 1.5×10²² அயனிகள் வேண்டும். ஓர் அயனிக்கு ஓர் மின்னேற்றம் எனக் கொண்டால் அவற்றின் மொத்த மின்னேற்றம் ஏறத்தாழ 2,440 கூலும். ஒரு மில்லி ஆம்பியர் கற்றையில், ஓர் அயனியும் வீணாகாத நிலையிலும், இதற்கு 28 நாள்கள் ஆகும். ஆய்வு முடுக்கிகளில் வழக்கமான மைக்ரோ ஆம்பியர் அளவுகளில், 10 மைக்ரோ ஆம்பியர் எனக் கொண்டால், ஏழரை ஆண்டுகளுக்கு மேலாகும். துகளின் விட்டம் 5 மைக்ரோமீட்டராகக் குறைந்தால் இவையனைத்தும் பத்து மடங்காகும்.

இத்தனைக்குப் பின்னும் அந்த ஒரு கிலோகிராம் தூளில் சேரும் நைட்ரஜன் 0.35 கிராம் மட்டுமே. ஒரு கிராம் தூளுக்கோ அதே 10 மைக்ரோ ஆம்பியர் கற்றையில் 68 மணிநேரம் போதுமானது. ஆய்வகத்தில் எட்டக்கூடிய அளவு இதுவே.

புரட்டுதலிலும் ஒரு கணக்கு உண்டு. சுழலும் உருளையில் தூள் நூறு துகள் ஆழத்திற்குக் கிடந்தால், ஒவ்வொரு துகளும் மொத்த நேரத்தில் நூறில் ஒரு பங்கே மேலே வரும். வருகைகள் தற்செயலாக அமைவதால், துகளுக்குத் துகள் காணும் வேறுபாடு வருகை எண்ணிக்கையின் வர்க்கமூலத்திற்கு எதிர்விகிதத்தில் இருக்கும். அவ்வேறுபாட்டைப் பத்து விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்த ஒவ்வொரு துகளும் ஏறத்தாழ நூறு முறை மேற்பரப்புக்கு வரவேண்டும். வெப்பமும் ஓர் இடையூறு: 100 கிலோவோல்ட், ஒரு மில்லி ஆம்பியர் கற்றை 100 வாட் வெப்பத்தைத் தருகிறது. வெற்றிடத்தில் தளர்வாகக் கிடக்கும் தூள் வெப்பத்தை அரிதாகவே கடத்துவதால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகக்கூடும். வெற்றிடத்தை விரைந்து உருவாக்கினால் துகளிடையே தங்கிய காற்று வெளியேறும்போது தூளையும் கிளப்பிப் பம்புக்குள் கொண்டுசெல்லும். தூளைக் கையாண்ட ஆய்வகங்கள் இதனை நன்கறியும்.

பிளாஸ்மா தீர்வாகுமா?

பொருளைப் பிளாஸ்மாவில் மூழ்கச் செய்து எதிர்மின்னழுத்தத் துடிப்புகளால் அயனிகளை ஈர்க்கும் முறையை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கான்ராடும் உடன் ஆய்வாளர்களும் 1987இல் வெளியிட்டனர். எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் அயனி விழும் என்பது இதன் சிறப்பாகக் கூறப்படுகிறது. பல்சக்கரம் போன்ற பெரிய பொருளுக்கு அது பொருந்தும். தூளுக்கு அவ்வாறே பொருந்தும் எனக் கருதுவது தவறு. பிளாஸ்மாவுக்கும் பொருளுக்கும் இடையே உருவாகும் மின்னேற்ற உறை சென்டிமீட்டர் அளவினது; துகளோ மைக்ரோமீட்டர் அளவினது. உறை தனித்துகளைச் சூழ்வதில்லை. தூள் படுகையைத் தட்டைப் பரப்பாகவே எதிர்கொள்கிறது. ஆகவே மின்னோட்டம் பெருகிக் காலம் குறையுமேயன்றிப் புரட்ட வேண்டிய தேவை நீங்குவதில்லை.

எங்குப் பொருந்தும்?

மேற்பரப்பில் செலுத்தப்பட்ட தனிமம் அங்கேயே நிலைத்திருக்குமா என்பதே முதலில் கேட்க வேண்டிய வினா. இரும்பில் 1100 பாகை செல்சியஸில் ஒரு மணிநேரத்தில் நைட்ரஜன் சில நூறு மைக்ரோமீட்டர் விரவக்கூடும். அதாவது தூளைப் பிதுக்கித் திண்மமாக்கும் வெப்பநிலையில் 100 நானோமீட்டர் அடுக்கு துகள் முழுவதும் கரைந்து மறையும். லேசர் அச்சில் துகளே உருகிவிடுகிறது. இவ்விரு பயன்பாடுகளிலும், இறுதிப்பொருளின் பண்பை மாற்றுதலே நோக்கமாயின், 0.35 கிராம் நைட்ரஜனைச் சேர்க்க முடுக்கியை நாடவேண்டியதில்லை. அம்மோனியா வளியில் சூடாக்குதலே போதும். மெல்ல விரவும் இட்ரியம் போன்ற தனிமம் இவ்வாறு மறையாது எனினும் மேற்சொன்ன காலக்கணக்கு அதனையும் கட்டுப்படுத்துகிறது. அரைத்தலுக்கு இம்முறை மாற்றாகாது என்பது தெளிவு.

தூள் தூளாகவே பயன்படும் இடங்கள் வேறு. வினையூக்கிகள், ஹைட்ரஜன் சேமிக்கும் உலோகங்கள், மின்கல மின்முனைத் தூள்கள் ஆகியவற்றில் வினை மேற்பரப்பிலேயே நிகழ்கிறது; சில கிராம் அளவிலும் ஆய்வுப் பயன் உண்டு. இரும்பும் வெள்ளியும் போல இயல்பாகக் கலவாத தனிமங்களைத் தாழ்வெப்பநிலையில் சேர்ப்பதற்கும், உலோகத்தில் கரையாத ஹீலியத்தைப் புகுத்துவதற்கும் வெப்ப முறைகள் உதவா. இங்கு அயனி உட்செலுத்தலுக்கு ஈடில்லை.

இத்தகைய ஆய்வுகளில் பாய்வளவைக் குறிப்பிடும் முறை கவனத்திற்குரியது. கற்றையின் குறுக்குப் பரப்பைக் கொண்டு கணக்கிட்ட எண்ணைத் தட்டை மாதிரியின் எண்ணோடு ஒப்பிட இயலாது. மொத்த மின்னேற்றத்தைத் தூளின் மொத்தப் பரப்பால் வகுத்துத் தரவேண்டும். அதனைச் சோதிக்கவும் வழியுண்டு. மேற்கூறிய 50 மைக்ரோமீட்டர் இரும்புத் தூளில் 10¹⁷ பாய்வளவு உண்மையாகவே எட்டப்பட்டிருந்தால் வேதியியல் பகுப்பாய்வில் நைட்ரஜன் பத்து இலட்சத்தில் 350 பங்கு எடை மிகுந்திருக்க வேண்டும். செலுத்துவதற்கு முன் தூளில் இருந்த நைட்ரஜனை அளந்து கழித்த பின்னும் இவ்வெண் மிகக் குறைவாக வருமாயின், அயனிகள் தூளில் விழாமல் கலனில் விழுந்தனவா அல்லது தெறிப்பினால் இழக்கப்பட்டனவா என ஆராய்தல் வேண்டும்.