புட்டிக்கும் உண்டு மறுவாழ்வு



ஒரு மே மாதத்து மாலைப்பொழுது. எம் பங்கின் கிளைக் கிராமம் ஒன்றில் அன்னையின் சிறு தேர்ப்பவனி சென்றுகொண்டிருந்தது. வெறுங்காலுடன் மலர் தூவி நடந்த சிறுமி ஒருத்தி திடீரென அலறி அமர்ந்தாள். எவரோ குடித்துவிட்டு எறிந்த புட்டியின் சில்லு ஒன்று புழுதிக்குள் கிடந்து அவளது குதிகாலைக் கிழித்திருந்தது. நான்கு தையல்கள் போட வேண்டியதாயிற்று. மருத்துவமனை வாயிலில் அவளுடைய பாட்டி என்னிடம் சொன்னார்: "முழுசா இருந்தப்பவே அந்தச் சீசாவை யாராச்சும் கையில எடுத்திருந்தா, இந்நேரம் ஒரு வீட்டுல நல்லெண்ணெய் நிறைஞ்சு நின்னுருக்குமே, சாமி!"

அம்மூதாட்டியின் சொல் என் நெஞ்சில் தங்கிவிட்டது. அதில் ஒரு சிறு திருத்தம் வேண்டும். அதனைப் பின்னர்க் கூறுவேன். எனினும் அவர் கண்ட உண்மை பெரிது. புட்டி உடைந்தபின் செய்வதற்கு அதிகமில்லை. உடையுமுன்னே செய்யத்தக்கது மிகுதி.

கண்ணாடியை மதித்த மண்

செட்டிநாட்டில் வாழும் நமக்குக் கண்ணாடியின் மதிப்பை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 1940-கள் வரை இங்கு எழுந்த நகரத்தார் இல்லங்களுக்குப் பர்மாவிலிருந்து தேக்கும் இத்தாலியிலிருந்து சலவைக்கல்லும் வந்தது போலவே, பெல்ஜியத்திலிருந்து கண்ணாடியும் கப்பலேறி வந்தது. கதவுகளுக்கும் சாளரங்களுக்கும் மேலே பதித்த சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடிகளின் வழியே காலை வெயில் தரையில் வண்ணக்கோலம் இடுவதை இன்றும் காணலாம்.

அத்தரையிலும் கண்ணாடியின் பங்கு உண்டு. நம் ஆத்தங்குடிப் பூக்கல் சூளையில் சுடப்படுவதன்று. கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, அதன் அறைகளில் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் சேர்ந்த கலவையை நிரப்பி மட்டப்படுத்துகின்றனர். பின்னர் நீரில் ஊறவைத்து உலர்த்துகின்றனர். கல்லின் முகத்தில் நாம் காணும் வழவழப்பு, அடியில் இருந்த கண்ணாடி தந்த வழவழப்பே ஆகும். கல் ஏதோ ஒரு வீட்டிற்குச் சென்றுவிடும். கண்ணாடியோ அடுத்த கல்லுக்காகக் காத்திருக்கும்.

1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபின் அங்கிருந்த வணிகம் சிதைந்தது. காலப்போக்கில் இங்கே பல வீடுகள் பிரிக்கப்பட்டன. அவ்வீடுகளின் தூண்கள், கதவுகள், பீங்கான் சாடிகள், கண்ணாடி விளக்குகள், பழம் புட்டிகள் யாவும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. ஒருவர் வேண்டாமென்று விட்டதை மற்றொருவர் தேடி வந்து வாங்குகிறார்.

ஆயினும் நம் ஊர்களில் புட்டிக்கு வேறொரு மறுவாழ்வும் உண்டு. உடைத்த சில்லுகளை மதிற்சுவரின் உச்சியில் வரிசையாகப் பதித்துவிடுகிறோம். கள்வரை அஞ்சிச் செய்த காரியம்தான். எனினும் பந்தை எடுக்கச் சுவரேறும் பக்கத்து வீட்டுச் சிறுவனின் கையையே அது முதலில் பதம் பார்க்கிறது. அதே புட்டியைக் கொண்டு வீட்டிற்கு ஒளியும் அழகும் சேர்க்க இயலும்போது, அதனை ஏன் முள்ளாக்க வேண்டும்?

முதலில் அதன் பழங்கதை

புட்டியைக் கையிலெடுத்ததும் இதற்குமுன் இதில் என்ன இருந்தது என்று கேளுங்கள். பூச்சிமருந்து, அமிலம், எலிமருந்து ஆகியவை இருந்த புட்டியை எத்தனை முறை கழுவினாலும் வீட்டுப் பயனுக்கு எடுக்கலாகாது. பாட்டியின் சொல்லில் நான் கூறிய திருத்தம் இதுவே: தெருவில் கண்டெடுத்த புட்டியின் கதை நமக்குத் தெரியாது, ஆதலால் அதில் நல்லெண்ணெய் ஊற்ற வேண்டாம். அது அலங்காரத்திற்கு மட்டும் ஆகட்டும். ஊறுகாய், தேன், பழச்சாறு, காப்பித்தூள் இருந்தவையே சமையலறைக்கு உரியவை.

இதன் மறுபுறமும் உண்டு. மண்ணெண்ணெய், பினாயில், கழிவறை கழுவும் அமிலம் ஆகியவற்றைக் குளிர்பானப் புட்டிகளில் ஊற்றி வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தாகத்தோடு ஓடிவரும் குழந்தை புட்டியின் வடிவத்தையே நம்புகிறது, உள்ளிருப்பதை அறியாது. தாய்மாரே, இப்பழக்கத்தை இன்றே கைவிடுங்கள்.

தூய்மை செய்தல்

வாளியில் வெதுவெதுப்பான நீரூற்றிச் சலவைச் சோடா ஒரு கைப்பிடி கலந்து, புட்டிகளை ஓரிரவு ஊறவிடுங்கள். காலையில் தாள் தானே கழன்றுவரும். எஞ்சிய பிசினைத் தேங்காய் எண்ணெய் தடவிச் சிறிது நேரம் விட்டுத் துணியால் தேய்த்தால் போய்விடும். கழுத்துக் குறுகிய புட்டிக்குள் ஒரு பிடி அரிசியும் சோப்புநீரும் இட்டுக் குலுக்கினால் உட்புற அழுக்கு நீங்கும். பின்னர்க் கவிழ்த்து நிழலில் உலர்த்துங்கள். கொதிநீரை மட்டும் குளிர்ந்த புட்டியில் ஊற்றாதீர்கள். சூடுபட்ட இடம் விரிய, சூடுபடாத இடம் விரியாமல் நிற்க, அவ்விழுப்பைத் தாங்காது சாதாரணக் கண்ணாடி விரிசல் விடும்.

புட்டியில் நூலைச் சுற்றி மண்ணெண்ணெய் நனைத்துத் தீயிட்டு, உடனே நீரில் அமிழ்த்தி இரண்டாக வெட்டும் முறையும் இவ்விழுப்பை நம்பியதே. பலர் இதனை எளிதெனச் செய்து காட்டுவர். ஆயினும் வீட்டில், அதிலும் சிறார் நடுவே, இதனைச் செய்ய நான் பரிந்துரையேன். தீ ஒருபுறம், கூர்விளிம்பு மறுபுறம். வெட்டாமலே செய்யத்தக்கவை வேண்டிய அளவு உள்ளன.

வண்ணம் தீட்டுதல்

உலர்ந்த புட்டியை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடையுங்கள். விரலின் எண்ணெய்ப் பசை இருந்தால் வண்ணம் ஒட்டாது. எனாமல் வண்ணத்தையோ அக்ரிலிக் வண்ணத்தையோ மெல்லியதாக ஒருமுறை பூசி, நன்கு உலர்ந்தபின் மறுமுறை பூசுங்கள். ஒரே முறையில் கனமாகப் பூசினால் வழிந்துவிடும். உண்ணவோ பருகவோ பயன்படும் பாத்திரமாயின் உட்புறத்திலும், விளிம்பிலிருந்து இரண்டு விரற்கடை அளவிலும் வண்ணம் படலாகாது.

வண்ணம் வாங்க வசதியில்லையேல் சணற்கயிறு போதும். அடியிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாகப் பசை தடவி, இடைவெளியின்றிச் சுற்றி வாருங்கள். நம் பக்கத்துப் பெண்களுக்குப் பனையோலைக் கொட்டான் முடையும் கைவண்ணம் உண்டு. சாயமேற்றிய ஓலையைப் புட்டியைச் சுற்றியே முடைந்தால் அழகிய உறை அமையும். கை தவறிச் சாய்ந்தாலும் புட்டி எளிதில் உடையாது.

கண்ணாடி ஓவியம்

தஞ்சையில் மராட்டிய மன்னர் காலத்தில் தழைத்த கண்ணாடி ஓவியங்கள் செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களையும் அணிசெய்தன. இதில் ஒரு விந்தை உண்டு. கண்ணாடியின் பின்புறத்தில் வரைந்து முன்புறத்திலிருந்து பார்க்கிறோம். ஆகவே சாதாரண ஓவியத்தில் இறுதியில் இடுவதை இங்கு முதலில் இட வேண்டும். முதலில் கோடுகள், கண்மணி, அணிகலன், அடுத்து முகமும் ஆடையும், கடைசியாகப் பின்னணி. வலம் இடமாகும், எழுத்தையும் திருப்பியே எழுத வேண்டும்.

பழைய படச்சட்டத்தின் கண்ணாடி ஒன்று போதும். ஓரங்களில் ஒட்டுநாடா ஒட்டி, அடியில் படத்தை வைத்துப் பார்த்து வரையலாம். எம் மறைக்கல்வி வகுப்புச் சிறார் விடுமுறையில் இதனைச் செய்தபோது, ஒரு சிறுவன் முகத்தின் வண்ணத்தை முதலில் பூசிவிட்டுக் கண்ணை வைக்க இடமின்றி விழித்தான். மறுநாள் துடைத்துவிட்டு மீண்டும் தொடங்கினான். பொறுமையைப் பற்றி நான் ஆற்றும் மறையுரையினும் அக்கண்ணாடி அவனுக்கு நன்கு கற்பித்தது.

விளக்கும் செடியும்

வாயகன்ற ஊறுகாய்ச் சாடியின் அடியில் இரண்டு விரற்கடை உயரம் உலர்ந்த மணல் நிரப்பி, நடுவில் குட்டையான மெழுகுதிரி ஒன்றை நாட்டினால் காற்றுக்கு அணையாத விளக்கு ஆயத்தம். மணல் அடிக்கண்ணாடியைச் சூட்டிலிருந்து காக்கும். சுடர் பக்கச் சுவரைத் தொடலாகாது, வாயை மூடலாகாது, சணலோ ஓலையோ சுற்றிய சாடியில் திரி ஏற்றலாகாது. அத்தகையவற்றிற்குச் சிறு மின்விளக்குச் சரமே ஏற்றது.

குறுகிய புட்டியில் நீர் நிரப்பி மணிபிளாண்டுக் கொடியை வைத்தால் வேர்விட்டு வளரும். வாரம் ஒருமுறை நீரை மாற்றி, உட்புறத்தையும் தேய்த்துக் கழுவுங்கள். வாயைப் பஞ்சால் அடையுங்கள். டெங்குக் கொசு முட்டையிட விரும்புவது இத்தகைய தெளிந்த நீரிலேதான்.

உடைந்துவிட்டால்

கவனத்தையும் மீறிச் சில உடையும். அவற்றைத் தடித்த செய்தித்தாளில் பலமுறை சுற்றி, அட்டைப்பெட்டியிலிட்டு, மேலே 'உடைந்த கண்ணாடி' என்று எழுதித் தூய்மைப் பணியாளரிடம் தனியே கொடுங்கள். குப்பையோடு குப்பையாகப் போட்டால் நாம் காணாத ஒரு கை கிழிபடும். கண்ணாடி மக்குவதில்லை, ஆனால் எத்தனை முறை உருக்கினாலும் மீண்டும் கண்ணாடியாகும். ஆகவே மிஞ்சிய முழுப் புட்டிகளைப் பழைய சாமான் வாங்குவோரிடம் சேர்ப்பதும் நற்செயலே.

முற்காலத்தில் கோலி சோடாப் புட்டியைக் குடித்ததும் கடைக்காரரிடமே திருப்பித் தந்தோம். அது தெருவில் கிடந்ததில்லை. 2022-ஆம் ஆண்டு நீலகிரி மாவட்டத்தில், சென்னை உயர்நீதிமன்றத்தின் தலையீட்டால், அரசு மதுக்கடைப் புட்டி ஒவ்வொன்றுக்கும் 10 ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலிப் புட்டியைக் கொணர்ந்தால் அதனைத் திருப்பித் தரும் முறை வந்தது. காட்டில் எறிந்த புட்டிகளின் சில்லுகள் யானைகளின் கால்களைக் காயப்படுத்தியதும் அதற்கு ஒரு காரணம். தாய்லாந்தின் சிசாகெட் மாநிலத்தில் பௌத்தத் துறவியர் 1984 முதல் காலிப் புட்டிகளைத் திரட்டி, பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டவற்றால் ஓர் ஆலயமே எழுப்பியுள்ளனர். எறிந்தவர் பலர், எடுத்தவர் சிலர். ஆயினும் அச்சிலரால் ஆலயம் எழுந்தது.

குதிகால் ஆறியபின் அச்சிறுமியும் நம் விடுமுறை வகுப்பிற்கு வந்தாள். நீலவண்ணம் தீட்டிய சாடி ஒன்றில் மணலிட்டுத் திரி நாட்டிப் பாட்டியிடம் கொடுத்தாள். மின்சாரம் நின்ற ஓர் இரவில் நான் அவ்வீட்டைக் கடந்தபோது திண்ணையில் அது எரிந்துகொண்டிருந்தது. அவ்வொளியில் பாட்டி முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். "சாமி, பார்த்து வாங்க, படியில கல்லு கிடக்கு" என்று விளக்கைச் சற்றே உயர்த்திக் காட்டினார்.

இவ்வாரம் உங்கள் இல்லத்தில் காலியாகும் முதற் புட்டியை எறியுமுன் ஒரு நிமிடம் கையில் வைத்துப் பாருங்கள். பிள்ளைகளை அருகில் அழையுங்கள். அது நம் வீட்டில் ஒளியாகுமா, வேறொருவர் காலில் முள்ளாகுமா என்பது அந்த ஒரு நிமிடத்தில் முடிவாகிறது.